கோபம் உள்ள இடத்தில்...

எதிர் வீட்டு மாமிக்கு ஒரு வழக்கம் உண்டு. இரவு சமையற்கட்டை ஒழித்துப் போட்டுவிட்டு, பேத்தியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் பார்க்கிற இங்கிலீஷ் சமையல் நிகழ்ச்சியைத் தாமும் பார்ப்பார். சென்ற வாரம் நான் போயிருந்த சமயம் திரையில் ஒரே களேபரம். வெள்ளைக் கோட்டு அணிந்த உயரமான மனிதர் ஒருவர், தட்டில் இருந்த கோழிக் கறியை விரலால் அழுத்திப் பார்த்தார். உள்ளே வேகவில்லை. அவ்வளவுதான்! தட்டு ஒரு பக்கம், கோழி ஒரு பக்கம். எதிரே நின்ற இளைஞனின் மூக்குக்கு அருகே தம் மூக்கைக் கொண்டு போய் அவர் பேசிய பேச்சில் பாதி நம் காதில் விழவில்லை. டெலிவிஷன்காரர்கள் நல்ல மனசுடன் அந்த இடங்களில் எல்லாம் 'பீப்' என்று ஒரு சத்தத்தை வைத்து மூடியிருந்தார்கள்.

மாமி என் பக்கம் திரும்பினார்.

"ஏம்ப்பா, நீ பத்திரிகைக்காரனாச்சே, சொல்லு. இந்த மனுஷன் நிஜமாவே இப்படித்தானா? இல்லே, காசுக்காக வேஷம் போடறானா? ஆத்திலே இவன் பெண்டாட்டி எப்படிக் காலம் தள்ளறா?" என்று கேட்டவர், கூடவே ஒன்றும் சேர்த்துக் கொண்டார்: "கோபம் இருக்கிற இடத்திலேதான் குணம் இருக்கும்னு எங்காத்து மாமா அடிக்கடி சொல்லுவார்."

மூன்று கேள்வியும் நல்ல கேள்வி. கடைசியில் வந்த பழமொழியோ அவற்றை விடப் பெரிய கேள்வி. பதில் தேடிப் பார்த்ததில் கிடைத்ததை உங்களுக்கும் சொல்லுகிறேன்.

யார் இவர்?

அந்த மனிதரின் பெயர் கார்டன் ராம்ஸே. 1966-ல் ஸ்காட்லாந்தில் பிறந்து, ஷேக்ஸ்பியரின் ஊரான ஸ்ட்ராட்போர்டில் வளர்ந்தவர். பையனாக இருந்தபோது கால்பந்தாட்டக்காரராக வேண்டும் என்று ஆசை. முழங்காலில் அடிபட்டு அந்த ஆசை போயிற்று. சமையலுக்கு வந்தார்.

வந்தவர் சாமான்யமாக வரவில்லை. பிரான்ஸ் தேசத்தில் மோட்டார் டயர் செய்யும் மிஷெலின் கம்பெனி, 1900-லிருந்து பயணிகளுக்காக ஒரு கையேடு போட்டு வருகிறது. அதில் நல்ல ஹோட்டல்களுக்கு நட்சத்திரம் கொடுப்பார்கள். மூன்றுக்கு மேல் கிடையாது. ஒன்று கிடைத்தாலே சமையல்காரர்கள் ஆனந்தக் கண்ணீர் விடுவார்கள். ராம்ஸே 1998-ல் லண்டன் செல்ஸீ பகுதியில் தம் பெயரிலேயே ஒரு ஹோட்டல் திறந்தார். 2001-ல் அதற்கு மூன்று நட்சத்திரமும் கிடைத்துவிட்டன. ஆகவே, வாய்ச்சவடாலை வைத்துப் பிழைக்க வந்தவர் என்று அவரை ஒதுக்கிவிட முடியாது. கைக்காரியம் முதலில் வந்தது. வாய் அதற்குப் பின்புதான் பிரசித்தி அடைந்தது.

பிரசித்தி அடைந்ததும் ஒரு தினுசாகத்தான். புது ஹோட்டலுக்காக அவர் படும் பாட்டை ஒரு காமிராக் கோஷ்டி கூடவே இருந்து படம் பிடித்தது. 1999-ல் இங்கிலாந்து டெலிவிஷனில் அது வந்தபோது, அவருடைய சமையலைவிட அவருடைய வசவுகளைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. 2005-ல் தொடங்கிய இன்னொரு நிகழ்ச்சிக்கு, அவர் வாயிலிருந்து அதிகமாக உதிரும் கெட்ட வார்த்தையின் முதல் எழுத்தையே தலைப்பாக வைத்தார்கள் என்றால் பார்த்துக் கொள்ளுங்கள்!

திரட்டுப்பால் வித்தை

அப்படியானால் திரையில் பார்ப்பது அத்தனையும் நிஜமா?

இணையத்தில் உலாவும் ஒரு படத்தை நீங்களும் பார்த்திருக்கலாம். ஒரு பெண்மணியின் இரண்டு காதையும் இரண்டு ரொட்டித் துண்டால் அழுத்திப் பிடித்துக் கொண்டு, "நீ யார்?" என்று ராம்ஸே அதட்டுவார். அந்த அம்மாள், தான் ஒரு முட்டாள் சாண்ட்விச் என்று அழாக் குறையாகச் சொல்லுவார். ராம்ஸேயின் கோபத்துக்கு அத்தாட்சியாக உலகம் பூராவும் காட்டப்படும் படம் அதுதான். ஆனால் அது எந்தச் சமையல் போட்டியிலும் நடந்ததல்ல. 2015-ல் ஜேம்ஸ் கார்டன் என்ற நகைச்சுவை நடிகரின் நிகழ்ச்சிக்காக எடுத்த விகடக் காட்சி! 'சமையல்காரி'யாக நடித்தவர் ஜூலி சென் என்னும் பிரபல டெலிவிஷன் அறிவிப்பாளர். தம்முடைய கோபத்தைத் தாமே கேலி செய்து ராம்ஸே நடித்தார். உலகம் அதை நிஜம் என்று எடுத்துக் கொண்டது.

இன்னொரு சங்கதி. நஷ்டத்தில் தத்தளிக்கும் ஹோட்டல்களுக்கு ராம்ஸே போய்த் தூக்கி நிறுத்தும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2004-ல் இங்கிலாந்தில் ஆரம்பித்தது. 2007-ல் அமெரிக்காவுக்குப் போனது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரே மனிதர்தானா என்று சந்தேகம் வரும். இங்கிலாந்து நிகழ்ச்சியில் முதலாளியோடு உட்கார்ந்து கணக்குப் பார்ப்பார், சமாதானமாகப் பேசுவார், நடுநடுவே திட்டுவார். அமெரிக்க நிகழ்ச்சியிலோ இடி முழக்கம் போன்ற வாத்தியம், முகத்துக்கு முகம் வெட்டிக் காட்டும் படம், நிமிஷத்துக்கு ஒரு சண்டை. மனிதர் மாறவில்லை. படத்தை வெட்டி ஒட்டும் கத்தரிக்கோல் மாறிவிட்டது.

அப்படியானால் எல்லாம் பொய் என்று சொல்லிவிடலாமா? அதுவும் முடியாது. அந்த நிகழ்ச்சியில் ஒரு ஹோட்டலின் அலங்கோலத்தை ஜோடித்துக் காட்டினார்கள் என்று லண்டன் பத்திரிகை ஒன்று எழுதப் போக, ராம்ஸே வழக்குத் தொடுத்தார். 2006-ல் அந்தப் பத்திரிகை அவருக்கு 75,000 பவுன் நஷ்ட ஈடு கொடுக்க நேர்ந்தது.

திரட்டுப்பால் கிளறியவர்களுக்கு இந்த வித்தை உடனே புரியும். லிட்டர் கணக்கில் பாலை ஊற்றி, அடுப்படியிலேயே நின்று சுண்டக் காய்ச்சினால் கடைசியில் ஒரு கிண்ணம் தேறுகிறது. கிண்ணத்தில் இருப்பது பால்தான், சந்தேகமில்லை. ஆனால் பசு திரட்டுப்பாலா கறக்கிறது? டெலிவிஷன்காரர்களும் மணிக்கணக்கில் படம் பிடித்து, கோபம் வந்த நிமிஷங்களை மட்டும் சுண்டக் காய்ச்சி நமக்குப் பரிமாறுகிறார்கள்.

கோபத்தின் வம்சாவளி

பாலில் இல்லாதது திரட்டுப்பாலில் வராது அல்லவா? அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது?

2006-ல் வெளியான சுயசரிதையில் ராம்ஸே தம் தகப்பனாரைப் பற்றி ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். குடிகாரர், கை நீட்டுகிறவர். தாயார் அடிபடுவதைப் பார்த்துக் கொண்டே வளர்ந்த பிள்ளை இவர்.

தொழில் கற்கப் போன இடமும் லேசுப்பட்டதல்ல. லண்டனில் மார்க்கோ பியர் ஒய்ட் என்பவரிடம் சேர்ந்தார். அவர் முன்கோபத்துக்குப் பேர் போனவர். இளைஞன் ராம்ஸே சமையலறை மூலையில் உட்கார்ந்து அழுதானாம். பிறகு பிரான்ஸுக்குப் போய் ஜோயல் ரோபுஷோன் என்ற மேதையிடம் வேலை பார்த்தார். 'ரவியோலி' என்பது நம் சோமாசியைப் போல உள்ளே பூரணம் வைத்து மடித்து, வேக வைத்து எடுக்கும் பண்டம். அதைச் சரியாகச் செய்யவில்லை என்று குரு தட்டோடு தூக்கிச் சிஷ்யன் மேல் எறிந்துவிட்டார்!

மாமியார் படுத்தினதை மருமகள் மறப்பதில்லை. தனக்கு மருமகள் வந்ததும் அதையே செய்கிறாள் என்று கதைகளில் படிக்கிறோமே, அந்தச் சங்கிலிதான் இங்கேயும். அடி வாங்கினவர் வாத்தியார் ஆனார்.

ஆனால் ஒன்று. பெரிய ஹோட்டல் சமையலறை என்றால் கத்தித்தான் ஆக வேண்டும் என்று அந்தத் தொழில்காரர்கள் சாதிப்பார்கள். அது சரியல்ல. ராணுவத்தைப் போல ஒவ்வொருவருக்கும் ஒரு பதவி, ஒரு பொறுப்பு என்று பிரித்து இன்றைய ஹோட்டல் சமையலறை முறையை வகுத்தவர் எஸ்கோபியே என்னும் பிரெஞ்சுக்காரர். 1890-ல் லண்டன் ஸவாய் ஹோட்டல் சமையலறையை ஏற்றவர். அவர் தம் சமையலறையில் கெட்ட வார்த்தையைத் தடை செய்தவர். 'இன்ன மேஜைக்கு இன்ன பதார்த்தம்' என்று கூவுகிறவனுக்குப் பிரெஞ்சு மொழியில் 'குரைப்பவன்' என்று பெயர் இருந்தது. அதை 'அறிவிப்பவன்' என்று மாற்றியவரும் அவரே. குரைக்காமலே உலகம் மெச்சும் சமையல் நடந்திருக்கிறது!

ஆப்பிள் பண்டத்தின் ஓசை

இனி மறு பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

2012-ல் அமெரிக்காவில் நடந்த ஒரு சமையல் போட்டியில் கிறிஸ்டீன் ஹா என்ற பெண் கலந்து கொண்டாள். நோயினால் கண் பார்வையை இழந்தவள். ஒரு நாள் 'ஆப்பிள் பை' என்னும் பண்டம் செய்ய வேண்டியிருந்தது. மாவுக்குள் ஆப்பிளை வைத்து அடுப்பில் சுட்டு எடுப்பது. செய்து முடித்தவளுக்கோ அது உருப்படவில்லை என்று தீர்மானம். தட்டை ஏந்திக் கொண்டு கண் கலங்கி நின்றாள். ராம்ஸே அருகில் வந்தார். அதன் நிறம் எப்படி இருக்கிறது, மேலே தூவிய சர்க்கரை எப்படி மினுமினுக்கிறது என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். பிறகு கத்தியால் மேல் ஓட்டை மெல்லச் சுரண்டி, அந்த மொறுமொறு ஓசையை அவள் காதால் கேட்கும்படி செய்தார். பார்க்க முடியாதவளுக்கு, அவள் செய்த பண்டத்தை ஓசையால் காட்டினார்! அந்தப் போட்டியில் கடைசியில் ஜயித்தவளும் அவளே.

அடுத்த ஆண்டு, 2013-ல், எட்டு வயது முதல் பதின்மூன்று வயது வரை உள்ள குழந்தைகளுக்கு அதே போட்டியை நடத்தினார்கள். அங்கே ராம்ஸே குழந்தைகளின் உயரத்துக்குக் குனிந்து பேசுவார். பண்டம் கருகிப் போய்க் குழந்தை விசித்தால், அடுப்பண்டை போய்த் தேற்றுவார். 2012-ல் லண்டன் பிரிக்ஸ்டன் சிறைச்சாலைக்குப் போய்க் கைதிகளுக்கு ரொட்டியும் கேக்கும் சுடும் தொழிலைக் கற்றுக் கொடுத்தார். தாயார் பட்ட அவஸ்தையை மறவாமல், வீட்டில் அடிபடும் பெண்களுக்கு உதவும் இங்கிலாந்து ஸ்தாபனம் ஒன்றுக்காகத் தம்பதிகள் இருவரும் பணம் திரட்டியிருக்கிறார்கள்.

மாமியின் மூன்றாவது கேள்விக்கும் பதில் உண்டு. டானா என்ற அந்த அம்மாளை ராம்ஸே 1996-ல் மணந்தார். ஆறு குழந்தைகள். டானாவும் சமையல் புத்தகங்கள் எழுதியவர்.

அவரிடம் வேலை பார்த்தவர்கள் கதை என்ன? கிளேர் ஸ்மித் என்ற பெண்மணி 2007-ல் அவருடைய செல்ஸீ ஹோட்டலின் தலைமைச் சமையல்காரர் ஆனார். பின்பு தனியாக ஹோட்டல் திறந்து, 2021-ல் அதற்கும் மூன்று நட்சத்திரம் வாங்கினார். திறமையைக் கண்டால் ஆண் பெண் என்று பாராமல் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார் ராம்ஸே.

தாயார் கொடுத்த சூடு

இவ்வளவும் கேட்ட பிறகு, 'பாவம், தங்கமான மனிதர். எல்லாம் வேஷம்' என்று முடிவு கட்டத் தோன்றும். அவசரப்படாதீர்கள்.

2009-ல் ஆஸ்திரேலியாவில் ஒரு மேடையில், தம்மைப் பேட்டி கண்ட பெண் பத்திரிகையாளர் ஒருவரை மிகக் கேவலமாகப் பரிகாசம் செய்தார். கொதிக்கும் அடுப்பு அங்கே இல்லை. வேகாத கோழியும் இல்லை. கூட்டம் சிரிக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணமே இல்லை. அந்த நாட்டின் அப்போதைய பிரதம மந்திரி கெவின் ரட் பகிரங்கமாகக் கண்டித்தார். பெற்ற தாயாரும் பிள்ளையைச் சும்மா விடவில்லை. நன்றாகச் சூடு கொடுத்தார். ராம்ஸே மன்னிப்புக் கேட்டுக் கொண்டார்.

ஆகவே முகமூடி என்று தனியாக ஒன்று இல்லை. கோபமும் அவருடையதுதான், பரிவும் அவருடையதுதான். காமிரா ஒன்றைப் பெரிதாக்கிக் காட்டுகிறது, அவ்வளவே.

ஆனால் எனக்குப் பட்டதைச் சொல்லுகிறேன். எட்டு வயதுக் குழந்தை பண்டத்தைக் கருக்கினபோது அடங்கியிருக்கிற கோபம், இருபத்தெட்டு வயது இளைஞன் கருக்கினபோது ஏன் அடங்கவில்லை? பண்டம் ஒன்று, தவறு ஒன்று, சமையல்காரரும் ஒருவரே. அப்படியானால் அந்தக் கோபம், தானாகப் பொங்கி வழியும் பால் அல்ல. அடுப்பைத் தணிக்கத் தெரிந்த கைதான், வேண்டுமென்றே தணிக்காமல் விடுகிறது. 'என் சுபாவம் அப்படி' என்று சொல்ல இனி இடமில்லை. குழந்தைகளிடம் அவர் காட்டும் பொறுமை அவருக்குப் பெருமைதான். ஆனால் மற்றவர்களிடம் காட்டாத பொறுமைக்கு அதுவே சாட்சியும் ஆகிவிடுகிறது.

கோபம் உள்ள இடத்தில் குணமும் இருக்கலாம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் குணத்தைக் கொண்டு வந்தது கோபம் அல்ல. கிறிஸ்டீன் ஹாவின் காதுக்கு அந்த ஓசையைக் கேட்கச் செய்தபோது ராம்ஸே கோபமாகவா இருந்தார்?

இதையெல்லாம் மறுநாள் மாமியிடம் போய்ச் சொன்னேன். மாமி முறத்தில் இருந்த அரிசியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டுக் கொண்டிருந்தார். கூடத்தில் மாமா பத்திரிகை படித்துக் கொண்டிருந்தார். ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டு மாமி மெதுவாகச் சொன்னார்:

"முப்பது வருஷத்துக்கு முந்தி ஒரு நாள் அவர் ஆபீஸ் மேனேஜர் நம்மாத்துக்குச் சாப்பிட வந்திருந்தார். அன்னிக்கு ரசத்திலே உப்புப் போட மறந்தே போயிட்டேன். மாமா ஒரு வார்த்தை பேசணுமே! 'பேஷ், பேஷ்'னு ரெண்டு தரம் வாங்கிக் குடிச்சார்."

கூடத்தில் பத்திரிகை புரளும் சத்தம் நின்றது. மாமி அடுத்த கல்லைத் தேட ஆரம்பித்தார்.