ஜூன் 30 யாருக்குக் கெடு?

ஜூன் பிறந்தாலே ஆஸ்திரேலிய வாசகர்களின் கடிதங்களில் ஒரே பயம்: “30-ஆம் தேதிக்குள் ப்ரைவேட் இன்சூரன்ஸ் எடுக்காவிட்டால் அப்பா அம்மாவுக்கு லோடிங் விழுமாமே?” மெடிகேர் அட்டையைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு மெடிகேரை விளக்க வேண்டியதில்லை. நேராக லோடிங்குக்கு வருவோம்.

வயதையோ நோயையோ காட்டிக் காப்பீட்டு நிறுவனம் பிரீமியத்தை ஏற்றக்கூடாது என்பது அங்கே சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால், மூட்டு தேயும்வரை காத்திருந்துவிட்டுச் சேரலாமே என்று இளையவர்கள் நினைத்தால்? அந்த ஓட்டையை அடைக்க 2000 ஜூலையில் வந்தது லோடிங். வயதுக்கு அபராதம் போட முடியாது; தாமதத்துக்குப் போட்டார்கள். கெட்டிக்காரத்தனம்தான். 31-ஆவது பிறந்தநாளை அடுத்துவரும் ஜூலை 1-க்குள் ஹாஸ்பிடல் கவர் எடுக்காதவர், பிறகு எப்போது சேர்ந்தாலும் 30-க்கு மேற்பட்ட ஒவ்வொரு வயதுக்கும் 2% கூடுதலாகக் கட்ட வேண்டும். உச்சவரம்பு 70%. பத்து வருடம் விடாமல் கட்டினால்தான் அது நீங்கும். அரசு இதை ‘ஊக்குவிப்பு’ என்கிறது!

31 வயதைத் தாண்டிக் குடியேறியவருக்கு ஜூன் 30 கெடுவே அல்ல. மெடிகேரில் முழுமையாகப் பதிந்த நாளிலிருந்து 12 மாத அவகாசம் உண்டு. அதைத் தவறவிட்டு 62 வயதில் சேரும் அம்மாவுக்கு 64% ஏறும். மாதம் 200 டாலர் பாலிசி 328 ஆகும். கூடுதல் 128-க்கு அரசின் ரிபேட்டும் கிடையாது. அவர் யாழ்ப்பாணத்திலோ சேலத்திலோ இருந்த, சேர வழியே இல்லாத வருடங்களும் ‘தாமத’க் கணக்கில் வருகின்றன. எனக்கு உறுத்துவது இதுதான்.

பொது மருத்துவமனைகளின் சுமை குறையும் என்பது அரசுத் தரப்பு வாதம். பிறகு ஏன் அதே பொது மருத்துவமனையின் அட்மிஷன் மேசையில் “ப்ரைவேட் பேஷன்ட்டாகச் சேர்கிறீர்களா?” என்று படிவத்தை நீட்டுகிறார்கள்? (மறுக்கலாம், உரிமை உண்டு.) பிரிட்டனிலும் தனியார் காப்பீடு உண்டு, எடுக்காதவரை யாரும் தண்டிப்பதில்லை. கனடாவின் பல மாகாணங்களில் பொதுத்திட்டம் தரும் சிகிச்சைக்குத் தனியார் பாலிசி விற்கவே தடை.

மற்ற கேள்விகள்:

எக்ஸ்ட்ராஸ் மட்டும் போதுமா? போதாது.

விசிட்டர் கவர் கணக்கில் வருமா? வராது.

ஏற்கெனவே இருக்கும் நோய்? கட்டணம் ஏறாது, 12 மாதம் வரை காத்திருக்க நேரலாம்.

வரி சர்சார்ஜ்? அது வேறு, வருமான வரம்பைத் தாண்டியவருக்கு, கவர் இல்லாத நாட்களுக்கு மட்டும். ஜூன் 29-இல் ஓடிப்போய் எடுத்தால் மிச்சம் இரண்டே நாள்.