செஞ்சிக் கோட்டையும் நம்ம வீட்டுப் பூட்டும்!

குட்டீஸ், விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கும் செஞ்சிக்குப் போயிருக்கிறீர்களா? அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் சிங்கவரம் என்று ஒரு கிராமம். குன்றில் படி ஏறிப் போனால், பல்லவர் காலத்துக் குடைவரைக் கோவில். உள்ளே ரங்கநாதர் ஹாயாகப் படுத்திருக்கிறார். நீளம் 20 அடிக்கு மேல்! எங்கேயோ செய்து கொண்டுவந்து வைத்த சிலை இல்லை. மலைப் பாறையிலேயே செதுக்கியது. அவரை யாராவது திருட வேண்டுமானால், மலையையே பெயர்த்துத் தூக்க வேண்டும்!

நம் வீட்டுப் பொருட்கள் அப்படியா? அம்மாவின் செயின், அக்காவின் லேப்டாப், நீங்கள் சேர்த்து வைத்த உண்டியல்... எல்லாமே ஒரு பைக்குள் அடங்கிவிடும். அதனால்தான் பூட்டு வேண்டியிருக்கிறது.

சிங்கவரத்தில் இருந்து அப்படியே செஞ்சிக் கோட்டைக்கு வாருங்கள். கோட்டை என்றால் என்ன? ராஜாக்கள் போட்ட பெரிய பூட்டுதானே! ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள். அவற்றை இணைத்து நீண்ட மதில். ராஜகிரி சுமார் 800 அடி உயரம். வாசல் வாசலாகத் தாண்டி மூச்சு வாங்க ஏறினால், உச்சிக்குச் சற்று முன்னால் பாறை பிளந்து பெரிய பள்ளம். அதன் மேல் மரப்பாலம் போட்டிருந்தார்கள். எதிரி வந்தால் பாலத்தை எடுத்துவிட வேண்டியதுதான். அப்புறம் எப்படித் தாண்டுவது?

இந்தப் பூட்டு எவ்வளவு காலம் தாங்கியது தெரியுமா? சிவாஜியின் மகன் ராஜாராம் உள்ளே இருந்தபோது, 1690ல் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் முற்றுகை போட்டார். கோட்டை அவர் கைக்கு வந்தது 1698ல்! அதற்குள் ராஜாராம் தப்பிவிட்டார். ஆனால் 1750ல் நடந்தது வேறு கதை. பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி வந்தபோது, வெளியே நடந்த சண்டையில் தோற்ற படை கோட்டைக்குள் ஓடியது. பின்னாலேயே துரத்திப் போன பிரெஞ்சுக்காரர்கள் வாசல் கதவை வெடி வைத்துத் தகர்த்தார்கள். விடிவதற்குள் மலைகள் அவர்கள் வசம்!

அதே மலை, அதே மதில். ஒருமுறை ஏழு வருடத்துக்கு மேல் தாங்கியது. இன்னொரு முறை ஒரே ராத்திரி. 1750ல் உள்ளே இருந்தவர்கள் ஏற்கெனவே தோற்று, மனம் உடைந்து போயிருந்தார்கள். காவல் காக்க ஆள் இல்லாவிட்டால் மதில் மட்டும் என்ன செய்யும்?

வீட்டுப் பூட்டும் இப்படித்தான். திறக்கவே முடியாத பூட்டு உலகத்தில் கிடையாது. லண்டனில் பிராமா என்ற கம்பெனி, 'எங்கள் பூட்டைத் திறந்தால் 200 கினி பரிசு' என்று கடை ஜன்னலில் அறிவித்திருந்தது. 60 வருடமாக யாராலும் முடியவில்லை. 1851ல் அமெரிக்காவில் இருந்து ஹாப்ஸ் என்பவர் வந்தார். 16 நாட்களில், மொத்தம் 50 மணி நேரத்துக்கு மேல் போராடித் திறந்தே விட்டார்! ஆனால், நம் தெருவில் எந்தத் திருடனுக்கு 50 மணி நேரம் கிடைக்கும்? திருடனைத் தாமதப்படுத்துவதுதான் பூட்டின் வேலை. அதற்குள் யாராவது பார்த்துவிட வேண்டும்.

நம் ஊர்ப் பூட்டு என்றால் திண்டுக்கல்தான். 2019ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு. மாங்காய் வடிவத்தில் மாங்காய்ப் பூட்டு உண்டு. பெல் பூட்டு என்று ஒன்று. சாவியைத் திருப்பினால் 'டிங் டிங்' என்று மணி அடிக்கும்! வீட்டுக்குள் தூங்குகிறவரை எழுப்பிவிடும்.

கடையில் '7 லீவர் பூட்டு' என்று சொல்வார்களே, அது என்ன? லீவர் என்பது உள்ளே இருக்கும் சின்னத் தகடு. சாவியின் ஒவ்வொரு பல்லும் ஒரு தகட்டைத் தூக்கும். ஏழும் சரியான உயரத்துக்கு வந்தால்தான் பூட்டு திறக்கும். ஒன்று மட்டும் கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும், ஊஹூம்!

சாவி தொலைந்துவிட்டால்? பஸ் ஸ்டாண்டு பக்கம், கடைத்தெருவில், குடைக்குக் கீழே சாவிக் கொத்துகளைத் தொங்கவிட்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார், பாருங்கள். அவர் வேலையை ஒருநாள் நின்று கவனியுங்கள். பல் வெட்டாத சாவியைப் பூட்டுக்குள் விட்டுத் திருகுவார். எடுத்து வெளிச்சத்தில் உற்றுப் பார்ப்பார். உள்ளே உரசிய இடத்தில் மெல்லிய தடம் விழுந்திருக்கும். அந்த இடத்தை மட்டும் அரத்தால் ராவுவார். மறுபடி விடுவார், மறுபடி ராவுவார். கண்ணால் பார்க்காத ஒன்றைக் கையால் படிக்கிற வித்தை அது!

சாவி செய்ய ஆள் வேண்டுமென்றால், பெரியவர்கள் பக்கத்து மளிகைக் கடையில் விசாரிப்பது நல்லது. ஊரில் பல வருடம் தொழில் செய்கிறவரைத் தெருவே அறிந்திருக்கும். 'இது உங்க வீடுதானா?' என்று அவர் கேட்டால் கோபம் வேண்டாம். நல்ல ஆள் என்று அர்த்தம். டூப்ளிகேட் போடும்போது கூடவே நின்று, இரண்டு சாவியையும் கையோடு வாங்கி வர வேண்டும். 'சாயங்காலம் வந்து வாங்கிக்கறேன்' என்று கொடுத்துவிட்டு வரக் கூடாது.

சரி, உங்கள் வீட்டுச் சாவி எங்கே? பூந்தொட்டிக்கு அடியிலா, மீட்டர் பெட்டிக்குள்ளா, நிலைப்படிக்கு மேலேயா? திருடன் முதலில் தேடுவதும் அங்கேதான்! பூட்டிய வீட்டைக் கண்டுபிடிக்க அவனுக்கு வேறு அடையாளங்களும் உண்டு. வாசலில் குவிந்த பேப்பர். நாலு நாளாகக் கோலம் போடாத வாசல். பக்கத்து வீட்டு அத்தையிடம் சொல்லிவிட்டுப் போனால் பேப்பரை எடுத்து வைப்பார். ஒரு கோலமும் போட்டுவிடுவார். போலீஸ் ஸ்டேஷனிலும் அப்பா சொல்லி வைக்கலாம்.

இனி, கவனமாகப் படியுங்கள். பள்ளி விட்டு முதலில் வீட்டுக்கு வருவது உங்களில் பலர்தான். வருகிறீர்கள்; பூட்டு உடைந்து தொங்குகிறது. அல்லது கதவு ஒருக்களித்துத் திறந்திருக்கிறது. என்ன செய்வீர்கள்?

உள்ளே போகக் கூடாது! திருடன் இன்னும் உள்ளேயே இருக்கலாம். 'யாரு?' என்று குரலும் கொடுக்க வேண்டாம். சத்தமில்லாமல் திரும்பி, தெரிந்தவர் வீட்டுக்குப் போங்கள். அங்கிருந்து அப்பா, அம்மாவுக்குப் போன். அடுத்து 100 அல்லது 112. உங்கள் உண்டியல் போனால் போகட்டும், இன்னொன்று வாங்கலாம்.

உடைந்த பூட்டைத் தொடாதீர்கள். அதில் கைரேகை இருக்கும். குற்றவாளிகளைக் கண்டுபிடிக்கக் கைரேகை அலுவலகம் உலகிலேயே முதலில் தொடங்கியது நம் நாட்டில், 1897ல், கல்கத்தாவில்! தெருவே திரண்டு உள்ளே போய் வேடிக்கை பார்த்தால், ரேகையும் கலைந்துவிடும். மோப்ப நாய்க்கும் குழப்பம்.

பிறகு பெரியவர்கள் புகார் எழுதுவார்கள். என்னென்ன போனது என்ற பட்டியல் வேண்டும். நகை போட்ட போட்டோ, வாங்கிய பில் எல்லாம் அப்போது உதவும். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். போலீசார் பார்த்து முடித்த பின்தான் புதுப் பூட்டு. சாவி திருடு போயிருந்தால் டூப்ளிகேட் போட்டுப் பயனில்லை. பூட்டையே மாற்ற வேண்டும்.

இன்று ராத்திரி சாப்பிடும்போது வீட்டில் கேளுங்கள்: நம் வாசல் பூட்டுக்கு மொத்தம் எத்தனை சாவி? ஒன்று அம்மாவிடம், ஒன்று அப்பாவிடம். மூன்றாவது யாரிடம்?