வாளுக்கு ஒரு பங்கு, மணிக்கு இரண்டு பங்கு

பழங்கால வெண்கல வாளைத் தேடி ஜொகூருக்கு வருகிறவர் ஏமாந்துதான் போவார். இங்கே பேர்பெற்றது ஒரு மணி. மூவார் வட்டாரத்துக் கம்போங் பெஞ்சுவில் கிடைத்த அந்த வெண்கல மணிக்கு ஏறத்தாழ 2000 வயது. கிள்ளானில் கிடைத்து இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் மணி இதற்கு உடன்பிறப்பு. கோயில் மணிபோல் வட்ட வாய் அதற்குக் கிடையாது; இரு பக்கமும் அமுக்கினாற்போல் நீள்வட்டம். உடம்பெல்லாம் சுருள் கோலமும் ரம்பப்பல் வரிசையும். கம்போடியாவின் பட்டம்பாங்கிலும் இதே சாடையில் ஒன்று அகப்பட்டது.

வாளானாலும் மணியானாலும் சரக்கு ஒன்றுதான்: செம்பும் வெள்ளீயமும். இதில் வெள்ளீயத்துக்கு மலாயாவில் பஞ்சமே இல்லை. ஜொகூரின் கோத்தா திங்கி பக்கம் ஈய லம்பங்கள், அதாவது சுரங்கங்கள், இருந்ததைப் பெரியவர்கள் அறிவார்கள். வெள்ளீயத் தாது தண்ணீரைப்போல் ஏழு மடங்கு கனம். சாதாரண மணல் இரண்டரை மடங்குதான். அதனால் ஆற்று மணலை டூலாங் தட்டில் அள்ளிச் சுழற்றினால் வெண்மணல் ஓடிவிடும், கறுப்புத் தாது அடியில் தங்கும். கரி நெருப்பில் போட்டால் தாதின் ஆக்சிஜனைக் கரி பறித்துக்கொள்ள, வெள்ளீயம் உருகி வடியும்.

செம்புதான் வெளியூர்ச் சரக்கு. அந்தக் காலத்தில் அதைத் தோண்டி உருக்கிய பெரிய இடங்கள் தாய்லாந்தின் லோப்புரிப் பக்கமும் லாவோசின் செப்போனும். ஆக, மூவார் மணியைப் பார்க்கும்போது கொல்லனுக்கு முன்னால் படகோட்டிதான் என் நினைவுக்கு வருகிறான்.

தனிச் செம்பு உருக 1085 பாகை செல்சியஸ் வேண்டும். பத்தில் ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்தால் சுமார் 1000 பாகையே போதும். குழம்பும் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் ஓடிப் பாயும். அச்சை முன்கூட்டியே நன்றாகச் சுட்டுக் காயவைக்க வேண்டும். ஈரம் மிஞ்சியிருந்தால் நீராவி கிளம்பி, வார்ப்பு ஓட்டை விழும். வார்ப்பவன் முகத்திலும் தெறிக்கும்.

இறுகிய பிறகு நடப்பதுதான் விந்தை. செம்பில் அணுக்கள் அடுக்கடுக்காக நிற்கின்றன. தட்டினால் ஓர் அடுக்கு இன்னொன்றின்மேல் வழுக்கும். செம்பு எளிதில் வளைவது அதனால்தான். வெள்ளீய அணு கொஞ்சம் பருத்தது. இடையில் புகுந்து நின்று வழுக்கலைத் தடுக்கிறது. விளிம்பைச் சுத்தியால் தட்டத் தட்ட இன்னும் இறுகும். பத்தில் ஒரு பங்கு வெள்ளீயம் வாளுக்கு வாகானது. அதையே ஐந்தில் ஒரு பங்காக்கினால் கணீரென்று ஒலிக்கும், ஓங்கி அடித்தால் உடையும். மணிக்கு அது பொருந்தும், போர்க்களத்துக்கு ஆகாது.

சீனக் கைவினைஞர்கள் இந்த முரணையும் சமாளித்தார்கள். ஹூபேயில் 1965-இல் ஒரு கல்லறையிலிருந்து எடுத்த யுவே அரசன் கோச்சியானின் வாளில், நடுத்தண்டில் வெள்ளீயம் குறைவு, விளிம்பில் அதிகம். உள்ளே வளைந்து கொடுக்கும், ஓரம் கூராக நிற்கும்.

தமிழ்நாட்டில் நம் ஆதிச்சநல்லூர் வேறு வழி போனது. தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ அங்கே தோண்டியெடுத்த முதுமக்கள் தாழிகளோடு இரும்பு வாள்களும் வெண்கலக் கிண்ணங்களும் கிடைத்தன. சில கிண்ணங்களில் வெள்ளீயம் நான்கில் ஒரு பங்கை நெருங்குகிறது. கணக்குப்படி தொட்டால் உடைய வேண்டியது! ஆனால் செக்கச்சிவக்கக் காய்ச்சி, சூட்டோடு தட்டி மெலிதாக்கி, சட்டென்று நீரில் அமிழ்த்தியிருக்கிறார்கள். மெதுவாக ஆறினால் உருவாகும் நொறுங்கு படிகங்களுக்கு அப்போது நேரமே கிடைப்பதில்லை. வார்ப்பதைவிட இது கடினமான வேலை என்பேன்.

மலாயாவிலும் வெண்கலத்துக்கென்று தனிக்காலம் இருந்ததில்லை. இரும்பும் கூடவே வந்துவிட்டது. பேராக்கிலும் பகாங்கிலும் கிடைக்கும் அக்காலத்து நீண்ட இரும்புக் கருவிகளைக் கிராமத்தார் துலாங் மாவாஸ், அதாவது குரங்கெலும்பு என்றார்கள். வெட்டுவதற்கு இரும்பு கைக்கு வந்துவிட்ட ஊரில் வெண்கலம் முரசுக்கும் மணிக்கும் போனதில் வியப்பில்லை. ஜொகூரில் வாள் கிடைக்காததற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தோன்றவில்லை.