காபியின் பால் என்ன? – ருஷ்ய மொழியில் ஒரு வழக்கு

தில்லிக்குக் குடிபெயர்ந்தாலும் மும்பைக்குக் குடிபெயர்ந்தாலும், நம் குடும்பங்களோடு காபி வடிகட்டியும் உடன் வந்துவிடுகிறது. ஆயினும் 'காபி ஆறிவிட்டான்' என்று நம்மில் எவரும் சொல்வதில்லை. 'காபி ஆறிவிட்டது' என்பதே தமிழ். ஆனால் ருஷ்ய நாட்டில் கற்றறிந்தவர் ஒருவர், ஏறக்குறைய 'ஆறிவிட்டான்' என்ற பொருள்படவே பேசுவார். ஏனெனில் அங்கே காபி ஆண்பால்!

தமிழில் பொருளை நோக்கியே பால் அமைகிறது. ருஷ்ய மொழியிலோ பெரும்பாலும் சொல்லின் ஈற்றெழுத்தை நோக்கி அமைகிறது. அங்கு மேசை ஆண்பால், புத்தகம் பெண்பால், சாளரம் ஒன்றன்பால். காபியைக் குறிக்கும் 'கோஃபே' என்னும் சொல்லின் ஈறு ஒன்றன்பாலுக்கு உரியது போல் ஒலிக்கிறது. வேற்று மொழியிலிருந்து வந்த 'ராதியோ' (வானொலி), 'பல்தோ' (மேலங்கி) முதலிய சொற்களும் ஒன்றன்பாலே. எனினும் இப்பானம் ருஷ்யாவிற்கு வந்த காலத்தில் 'கோஃபெய்', 'கோஃபிய்' என்ற வடிவங்கள் வழங்கின. அவற்றின் ஈறு ஆண்பாலுக்கு உரியது. அவ்வடிவங்கள் மறைந்தன, ஆண்பால் மட்டும் எஞ்சி நின்றது.

பொதுமக்கள் செவி சொன்னபடி ஒன்றன்பாலாகப் பேசினர். பள்ளி ஆசிரியர்களோ ஆண்பாலே சரியென்று திருத்தினர். சில அகராதிகள் ஒன்றன்பாலைப் பேச்சு வழக்கென முன்பே ஏற்றிருந்தன. ஆயினும் 2009 செப்டம்பர் 1 முதல், ருஷ்யக் கல்வி அமைச்சகம் நான்கு அகராதிகளை அரசுமுறையில் ஏற்றபோது, காபி ஒன்றன்பாலாகவும் வரலாம் என்ற செய்தி பரவிப் பெரும் கொதிப்பை உண்டாக்கிற்று. மொழி அழிகிறதே என்று பலர் வருந்தினர். அகராதி கதவைத் திறந்துவிட்ட பின்னும், ஆண்பாலையே விடாது போற்றுவோர் இன்றும் பலர். தாம் கற்றவர் என்பதை ஓர் ஈற்றெழுத்தால் காட்டிக்கொள்ள முடியுமானால், அதனை எவர்தாம் இழக்க விரும்புவர்?

தேநீருக்கு வருவோம். வட இந்தியாவில் நாம் நாளும் கேட்கும் 'சாய்' என்ற சொல்லே ருஷ்யாவிலும் வழங்குகிறது. தேநீரின் சுவை என்னும்போது 'சாயா' என்று வேற்றுமை ஏற்கும். ஒரு குவளைத் தேநீர் என்னும்போது 'சாயா' என்றும் சொல்லலாம், 'சாயு' என்றும் சொல்லலாம். உகர ஈறு ஒரு பொருளின் சிறு பகுதியை, பருகும் அளவை உணர்த்துவது. 'கொஞ்சம் தேநீர் அருந்துங்கள்' என்னும் உபசாரத்தின் இதம் அதில் உண்டு. இவ்வுகர ஈறு மெல்ல மெல்லக் குறைந்து வருகிறது. அதனைத் தவறென்று எவரும் விலக்கவில்லை. பேசுவோர் கைவிடுவதால் தேய்கிறது.

இவற்றினும் சிக்கலானது பெண் மருத்துவரின் நிலை. 'மருத்துவர் வந்தார்' என்று சொல்லித் தமிழர் மதிப்போடு கடந்துவிடலாம். ஆணா பெண்ணா என்ற வினாவே எழாது. ருஷ்ய மொழியில் இறந்தகால வினை ஒருமையில் பால் காட்டியே தீரும். மருத்துவரைக் குறிக்கும் 'வ்ராச்' ஆண்பாற் சொல். சோவியத் நாட்டிலோ மருத்துவருள் பெரும்பாலோர் பெண்கள். சொல்லை நோக்கி 'ப்ரிஷோல்' (வந்தான்) என்பதா, ஆளை நோக்கி 'ப்ரிஷ்லா' (வந்தாள்) என்பதா? 1960-களில் மொழியறிஞர்கள் வினாத்தாள்களை அனுப்பி மக்களையே கேட்டனர். இரு வடிவங்களுக்கும் பெருந்திரளான ஆதரவு இருந்தது. பனோவ் என்பார் பதிப்பித்து 1968-இல் வெளிவந்த 'ருஷ்ய மொழியும் சோவியத் சமுதாயமும்' என்னும் நான்கு தொகுதிகள் இத்தகைய ஆய்வின் விளைவே. 1976-இல் கிராவுதினா முதலிய மூவர், இத்தகைய இணை வடிவங்களுள் எது எத்தனை முறை வருகிறது என்று செய்தித்தாள்களில் எண்ணி ஓர் அகராதியே செய்தனர். விதியை வகுக்குமுன் வழக்கை எண்ணிப் பார்த்த அம்முறை போற்றத்தக்கது.

இவையெல்லாம் நாகரிகத்தைப் பற்றிய பூசல்கள். நாட்டின் மானத்தையே தொட்ட பூசலும் ஒன்று உண்டு. 'இந்தியாவில்' என்பதற்கு 'வ்' என்னும் முன்னிடைச்சொல்லை ருஷ்யர் இடுவர். பெரும்பாலான நாடுகளுக்கும் அதுவே. காக்கசஸ், யூரல் போன்ற பகுதிகளுக்கும் தீவுகளுக்கும் 'ந' என்பதை இடுவர். உக்ரைனுக்கும் நெடுங்காலமாக 'ந' என்பதே வழங்கிற்று. 1991-இல் உக்ரைன் தனி நாடாயிற்று. 1993-இல் அந்நாட்டரசு, இனி 'வ்' என்றே வழங்க வேண்டுமென்று கேட்டது. 'இது பழைய மரபு. இதில் இழிவு ஏதுமில்லை' என்றனர் ஒரு சாரார். 'எங்களை ஒரு மாகாணமாக எண்ணும் சொல் இது' என்றனர் மற்றொரு சாரார். 2022-இல் பெரும்போர் மூண்ட பின்னர், பேசுபவர் எப்பக்கம் நிற்கிறார் என்பதை இந்த ஓரெழுத்தைக் கொண்டே பலர் கணிக்கின்றனர். வீட்டில் பழகிய வடிவத்தைச் சொல்வதா, எதிரில் இருப்பவர் புண்படாத வடிவத்தைச் சொல்வதா என்று ஒவ்வொருவரும் வாய் திறக்குமுன் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

இவற்றால் நாம் அறிவது யாது? இரண்டு வடிவங்கள் இருக்குமிடத்தில் ஒன்று சரி, மற்றது பிழை என்று உடனே தீர்ப்பளிப்பது எப்போதும் பொருந்தாது. ஒன்று மரபைக் காட்டும். மற்றொன்று பொருளைக் காட்டும். ஒன்று கல்வியைக் காட்டும். மற்றொன்று பிறர்பால் கொண்ட மதிப்பைக் காட்டும். இலக்கண நூல் இவற்றைப் பதிந்து வைக்கிறது, தேர்ந்தெடுப்பவர் பேசுபவரே.

வெளிமாநிலங்களில் வளரும் நம் பிள்ளைகள், 'வந்தாங்க' என்பதா 'வந்தார்கள்' என்பதா என்று கேட்கும் நாள் ஒன்று வரும். அன்று, 'யாரிடம், எவ்விடத்தில் சொல்லப் போகிறாய்?' என்று அன்போடு திருப்பிக் கேளுங்கள். பாட்டியிடம் ஒன்று, மேடையில் மற்றொன்று என்று இரண்டையும் அறிந்து இடமறிந்து ஆள்பவரே மொழிச் செல்வம் உடையவர்.