வைப்பு: ஒரு சொல்லும் ஒரு வீடும்

உறையூர் சாலை ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சந்தில், தறிச்சத்தம் அநேகமாக அடங்கிப்போன தெருவில், இரண்டு அறை கொண்ட வீடு ஒன்று இருக்கிறது. பல வருஷங்கள் நாங்கள் கூட்டம் போட்டது அங்கேதான். தோழரும் தோழியும் அங்கே பதினோரு வருஷம் சேர்ந்து வாழ்ந்தார்கள். தாலி இல்லை, பதிவு இல்லை, மாலைகூட இல்லை. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டவர்கள் நாங்கள். பிரிந்தபோது தோழி இரண்டு சாக்குப் புத்தகங்களோடு ஆட்டோவில் ஏறினார். வீடு தோழர் பேரில் இருந்தது.

பேசித் தீர்க்க உட்கார்ந்த நாலு பேரில் நானும் ஒருத்தன். "கல்யாணமே வேணாம்னு வாழ்ந்தவங்க நாம. இப்பப் போயி வக்கீல், ஜீவனாம்சம்னு இறங்கினா நல்லாவா இருக்கும் தோழர்?" என்று அவரிடம் கேட்டவன் நான்தான். அந்தக் கேள்விக்கு நானே எழுதும் மறுப்பு இது.

முதலில் கணக்கு. தோழருக்கு நிரந்தர வேலை. அதனால் வங்கிக் கடன் அவர் பேரில், பத்திரமும் அவர் பேரில். அவருடைய சம்பளம் தவணைக்குப் போனது. தோழி மெய்ப்புத் திருத்தியும் டியூஷன் எடுத்தும் சம்பாதித்தது அரிசி, பால், மருந்து, கூட்டத்துக்கு வந்த எங்களுக்கு டீ என்று போனது. ஒருத்தர் பணம் சுவராக நின்றது. இன்னொருத்தர் பணம் தின்று தீர்ந்தது. இரண்டாவது இல்லாமல் முதலாவது சாத்தியமில்லை. கைத்தறி நெசவுக் குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. தார் சுற்றுவது பெண், கூலிப் புத்தகத்தில் இருப்பது ஆணின் பெயர்.

சட்டம் இந்தக் கணக்கைப் பார்க்கிறதா? ஒரு தப்பெண்ணத்தை இங்கே நீக்கிக்கொள்வோம். தாலி கட்டிய மனைவிக்கே, விவாகரத்தின்போது கணவன் பேரில் உள்ள சொத்தில் பங்கு என்று நம் நாட்டுச் சட்டத்தில் கிடையாது. அவருக்கு உள்ளது ஜீவனாம்சமும் சீதனமும்தான். மணமாகாத இணைகள் பிரியும்போது சொத்தைப் பிரிக்கவென்றும் மத்தியச் சட்டம் ஏதுமில்லை. 2005இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபரில் அமலுக்கு வந்த குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டம்தான் 'திருமணத்தின் தன்மை கொண்ட உறவு' என்ற சொற்றொடரைக் கொண்டுவந்தது. அத்தகைய உறவில் வாழ்ந்த பெண்ணின் பணத்தை முடக்குவதும், வீட்டை அவர் அனுபவிக்க விடாமல் தடுப்பதும் பொருளாதார வன்முறை. அவர் மாஜிஸ்திரேட்டிடம் மனுச் செய்து வசிக்கும் உரிமை, மாற்று வீடு, பண நிவாரணம் கேட்கலாம். ஆனால் வசிப்பது வேறு, உடைமை வேறு. பத்திரத்தில் உள்ள பெயரை இந்தச் சட்டம் மாற்றாது.

அந்தச் சொற்றொடருக்கு உச்ச நீதிமன்றம் பொருள் சொன்னது ஒரு தமிழ்நாட்டு வழக்கில். கோவைக் குடும்ப நீதிமன்றத்தில் பச்சையம்மாள் 2001இல் வேலுசாமி மீது ஜீவனாம்ச வழக்குப் போட்டார். 1986இல் தங்களுக்குத் திருமணம் நடந்தது என்றார் இவர். 1980லேயே எனக்கு வேறொரு பெண்ணோடு திருமணமாகிவிட்டது என்றார் அவர். மாதம் 500 ரூபாய் தரச் சொன்ன உத்தரவை உயர் நீதிமன்றமும் ஏற்றது. 2010 அக்டோபர் 21 அன்று உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்பையும் ரத்து செய்து, முதல் திருமணம் உண்மையா என்று விசாரிக்க வழக்கைத் திருப்பி அனுப்பியது. கூடவே நான்கு நிபந்தனைகளையும் வைத்தது: சமூகத்தின் முன் கணவன் மனைவி போலத் தங்களைக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும், திருமண வயது ஆகியிருக்க வேண்டும், வேறு மணம் இல்லாமை உட்பட மணம் செய்யும் தகுதி இருக்க வேண்டும், விரும்பிக் கணிசமான காலம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். பண உதவி செய்து ஒருத்தியை 'வைத்திருப்பது' இதில் சேராது என்றும் சொன்னது. 'கீப்' என்ற அந்தச் சொல்லை அப்போதைய கூடுதல் சொலிசிட்டர் ஜெனரல் இந்திரா ஜெய்சிங் நீதிமன்றத்திலேயே ஆட்சேபித்தார்.

தமிழில் இந்தச் சொல் இன்னும் பச்சையாக இருக்கிறது. வைப்பு என்றால் மணமாகாமல் வைத்துக்கொண்டவள். வைப்பு என்றால் வங்கியில் போட்ட தொகையும்தான். சொத்தில் பங்கு கேட்க வரும் பெண்ணை நம் மொழி ஏற்கனவே சொத்துக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறது. சொத்து எப்படிச் சொத்து கேட்கும்?

நான்கு நிபந்தனைகளில் முதலாவதைத் திரும்பப் படியுங்கள். கணவன் மனைவி போலக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும். 'நாங்க கணவன் மனைவி இல்லை, தோழர்கள்' என்று மேடை ஏறிச் சொன்னவர்கள் கதி என்ன? சட்டம் உழைப்பை அளக்கவில்லை. திருமணத்துக்கு நீங்கள் எவ்வளவு பக்கத்தில் நின்றீர்கள் என்பதை அளக்கிறது. திருமணத்தை நகல் செய்தவருக்குக் கொஞ்சம் பாதுகாப்பு, மறுத்தவருக்குச் சந்தேகம். வழக்குப் போட்டிருந்தால் எங்கள் தோழியின் பழைய மேடைப் பேச்சே அவருக்கு எதிரான சாட்சியாகியிருக்கலாம். உத்தராகண்டின் பொது சிவில் சட்டம் 2025 ஜனவரி 27 முதல் இத்தகைய உறவுகளைப் பதிவு செய்யக் கட்டாயப்படுத்துகிறது, தவறினால் தண்டனை. கைவிடப்பட்ட பெண் அங்கே ஜீவனாம்சம் கேட்கலாம். அதற்கு விலையாக அரசு படுக்கையறை வரை வந்துவிடுகிறது.

அப்படியானால் காகிதமே எதிரியா? பொய்யும் வழுவும் தலைகாட்டிய பிறகே கரணம் வகுக்கப்பட்டது என்கிறது தொல்காப்பியம். 'அவளை எனக்குத் தெரியாது' என்று சொல்லிவிட முடியாதபடி வைத்த சாட்சி என்று அதை நான் வாசிக்கிறேன். சுயமரியாதைக்காரர்களுக்கும் இது தெரிந்திருந்தது. புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அடிபட்டது அந்தப் பெண்களின் உரிமையும் பிள்ளைகளின் வாரிசுரிமையும். 'சட்டம் யாருக்கு வேணும்' என்று அவர்கள் போய்விடவில்லை. 1967இல் அண்ணா அரசு இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்து, முன்பு நடந்தவற்றையும் செல்லத்தக்கவை ஆக்கியது. சடங்கை மறுத்தார்கள், சாட்சியை மறுக்கவில்லை. நாங்கள் இரண்டையும் சேர்த்து மறுத்தோம். அதன் நட்டம் பெண் தலையில் விழுந்தது.

திருமணம் வேண்டாம் என்பவர்கள் செய்யக்கூடியது இருக்கிறது. வீடு வாங்கினால் பத்திரத்தில் இரண்டு பெயரும் இருக்கட்டும். இருவரும் தத்தம் பணத்தைப் போட்டு வாங்கினால், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், போட்ட பணத்தின் விகிதப்படி பங்கு. விகிதத்துக்குச் சான்று இல்லையென்றால் சமபங்கு. இது சொத்து மாற்றுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு. அதற்குத் தாலி தேவையில்லை. ஒருவர் பணத்தில் இன்னொருவர் பேரில் மட்டும் வாங்குவது ஆபத்து. கணக்குள்ள பணத்தில் கணவன் மனைவி பேரில் வாங்கினால் பினாமிச் சட்டம் விலக்குத் தருகிறது. மணமாகாத இணைக்கு அந்த விலக்கு இல்லை. 'பணம் என்னுது, பேரு மட்டும் அவருது' என்று போடும் வழக்கைப் பினாமி என்று சொல்லியே தடுக்கப் பார்ப்பார்கள். வீட்டுச் செலவு யாருடையது, அது வீட்டில் எத்தனை பங்காகக் கணக்காகும் என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். உறவைப் பற்றி எழுத வேண்டாம், பணத்தைப் பற்றி எழுதுங்கள். ஒழுக்கத்துக்கு முரணானது என்று ஒப்பந்தத்தைத் தள்ளிவிட ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவில் இடமிருக்கிறது. இறந்தால் என்ன என்பதற்கு இரண்டு சாட்சிகளோடு உயில். வாரிசுப் பட்டியலில் விதவைக்கு இடமுண்டு, தோழிக்கு இல்லை.

அமெரிக்காவில் மார்வின் வழக்கில், மணமாகாத இணைகளுக்கிடையிலான ஒப்பந்தம் செல்லும் என்று கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் 1976இல் சொன்னது. வழக்குப் போட்ட பெண்ணுக்குக் கீழ்க்கோர்ட் தந்த 1,04,000 டாலரும் 1981இல் மேல்முறையீட்டில் பறிபோனது. கொள்கையில் வென்று கையில் ஒன்றுமில்லாமல் போனார். எழுத்தில் இல்லாத வாக்கு எந்த ஊரிலும் இப்படித்தான்.

எல்லாவற்றைப் பற்றியும் எழுதுகிற நாம் இதை மட்டும் எழுதி வைக்கவில்லை. அன்றைக்கு ஆட்டோ வருவதற்கு முன்னால் தோழி என்னிடம் கேட்டது ஒன்றுதான். "அப்ப, நான் வாங்குன அரிசிக்கெல்லாம் ரசீது வச்சிருக்கணுமா தோழர்?" நான் பதில் சொல்லவில்லை. ஆமாம் தோழர், வைத்திருக்க வேண்டும். கேட்டு வைத்திருக்கச் சொல்லியிருக்க வேண்டியவர்கள், உங்கள் அரிசியைத் தின்ற நாங்கள்.