பெட்டியைத் திறந்தாத்தானே புத்தகம்!

டிப்ளமா படிக்கிற நமக்கும் ஒண்ணாங்கிளாஸ் பிள்ளையின் கதைப் புத்தகத்துக்கும் என்னப்பா சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். சம்பந்தம் இருக்கிறது. அச்சு, பேக்கிங், லாரி, ஸ்டாக் ரிஜிஸ்டர், அலமாரி என்று கணக்குப் போட்டால் துவக்கப் பள்ளிகளுக்குப் புத்தகம் அனுப்புவதில் பாதி நம்ம சப்ஜெக்ட்தான். மீதிப் பாதியில்தான் கதையே இருக்கு.

முதலில் தேவையைப் பார்ப்போம். பிரதம் அமைப்பு 'அசர்' என்ற ஆய்வுக்காகக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிப் பார்க்கும். 2022-ல் நாடு முழுக்க மூன்றாம் வகுப்பில் படித்தவர்களில், இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 20.5 சதவீதம். 2024-ல் 27.1. அதாவது நாலு பேரில் மூணு பேருக்கு அருகில் திணறுகிறார்கள். மூணாங்கிளாஸ் தாண்டினால் யாரும் உட்கார வைத்து வாசிக்கச் சொல்லித் தருவதில்லை. வாசிச்சுப் படிச்சுக்கோன்னு விட்டுடுவாங்க. அப்புறம் கணக்கு, அறிவியல் எல்லாத்துலயும் அடி. நம்ம வகுப்பிலேயே லேப் மேனுவலைப் பக்கத்து பெஞ்சுக்காரனை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்பவர் உண்டு. அதன் வேர் எந்த வகுப்பில் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, புத்தகம் அனுப்பினால் தீர்ந்துவிடுமா? அனுப்பிப் பார்த்தார்கள். 1986 தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து 1987-ல் மத்திய அரசு கரும்பலகைத் திட்டத்தைத் தொடங்கியது. ஒவ்வொரு துவக்கப் பள்ளிக்கும் குறைந்தது இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், அதோடு கரும்பலகை, வரைபடம், விளையாட்டுச் சாமான், கதைப் புத்தகம். நல்ல திட்டம்தான். ஆனால் பல ஊர்களில் வந்த பெட்டி பெட்டியாகவே கிடந்தது. ஆசிரியர் மேல் மட்டும் பழி போட முடியாது. சாமான் ரிஜிஸ்டரில் ஏறிய அன்றிலிருந்து அவர் பெயரில் இருக்கு. பிள்ளை கையில் கொடுத்துக் கிழிந்தால் ஆடிட்டில் அவர்தான் பதில் சொல்லணும். கொடுக்காமல் பூட்டி வைத்தால் ஒருத்தரும் கேட்க மாட்டார். இப்படி விதி இருந்தா நீங்களும் நானும்கூடப் பூட்டித்தான் வைப்போம். மெஷின் ஷாப்பில் வெர்னியர் காலிப்பர் பீரோவை விட்டு வெளியே வராத கதை நமக்குத் தெரியாததா!

என் கணக்கில், விநியோகச் செலவு போடும்போதே கிழியப்போகும் புத்தகத்தையும் சேர்த்துப் போட்டுவிட வேண்டும். பட்டறையில் டிரில் பிட், ஹேக்ஸா பிளேடை தேய்மானப் பொருள் என்று எழுதுகிறோமே, அந்த மாதிரி.

இதற்கு நேர்மாறான உதாரணம் ஆந்திராவின் ரிஷி வேலி. அங்கே சுற்றுவட்டாரக் கிராமப் பள்ளிகளுக்காகப் பாடத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரித்தார்கள். அட்டையைப் பிள்ளையே எடுக்கும், பிள்ளையே திருப்பி வைக்கும். இந்த முறையைப் பார்த்துச் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-ல் செயல்வழிக் கற்றல் ஆரம்பமாகி, 2007-ல் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. 2022-ல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு அந்த ஏற்பாடு மாறிவிட்டது. ஆனாலும், பிள்ளையின் கை எட்டும் உயரத்தில் சாமானை வைத்தது பெரிய விஷயம்.

கை எட்டினால் மட்டும் போதாது, மொழியும் எட்டணும். கென்யாவின் மேற்குக் கிராமங்களில் பாடப்புத்தகம் இலவசமாகக் கொடுத்து, கிளெவ்வ, கிரெமர், மூலின் ஆகிய மூவர் ஆராய்ந்து 2009-ல் கட்டுரை வெளியிட்டார்கள். சராசரி மதிப்பெண் ஏறவே இல்லை! ஏற்கெனவே நன்றாகப் படித்தவர்களுக்குத்தான் பலன். புத்தகம் ஆங்கிலத்தில், பல பிள்ளைகளுக்கு அது மூன்றாவது மொழி. கிரெமர் 2019-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர்.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். உப்பளத்திலிருந்து ஒரு லாரி புத்தகத்தோடு கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். காரைக்கால் தெற்கே சுமார் 130 கிலோமீட்டர், தமிழ், பிரச்சினை இல்லை. மாகே மேற்குக் கடற்கரையில் 600 கிலோமீட்டருக்கு அப்பால், மலையாளம். ஏனாம் ஆந்திராவில் கோதாவரிக் கரையில், தெலுங்கு. ஒரே பில்லில் ஒரே புத்தகத்தை நாலு இடத்துக்கும் அனுப்ப முடியாது. பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன வரைபடம் நம்ம டெஸ்பாட்ச் கிளார்க்கை இன்னும் படுத்துது!

தமிழிலேயே 247 எழுத்து. எல்லாம் கற்ற பிறகுதான் கதை என்றால் பிள்ளை சலித்துவிடும். ட, ப, ம தெரிந்தாலே 'படம்', 'மடம்', 'பட்டம்' வாசிக்கலாம். ஆகவே படி வைத்து எழுதணும். தமிழ்நாட்டில் 2023-ல் வந்த வாசிப்பு இயக்கம் தன் சிறுநூல்களை நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியாகப் பிரித்தது. பெயரே அழகு. பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்திலும் கதைகள் படி வாரியாக உண்டு. உரிமைத் தொல்லை இல்லாமல் இறக்கி அச்சடிக்கலாம். ஒரு தாளை இரு பக்கமும் அச்சிட்டு மூன்று முறை மடித்தால் 16 பக்கம். நடுவில் இரண்டு பின், மூன்று ஓரம் வெட்டு, புத்தகம் ரெடி. வீணாகும் தாள் குறைவு, பிள்ளையும் ஒரே மூச்சில் முடிக்கும்.

கடைசியாக அலமாரி. இதை நம்ம ஒர்க்‌ஷாப்பிலேயே செய்யலாம். ஆறு வயதுப் பிள்ளையின் உயரம் சுமார் 115 செ.மீ.; ஆகவே அலமாரி 90 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. வாசிக்கத் தெரியாத பிள்ளை அட்டைப் படம் பார்த்துத்தான் எடுக்கும். அதனால் முதுகு தெரிய அடுக்காமல் முகப்பு தெரியச் சாய்த்து வைக்கணும். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் வந்தப்போ தண்ணீர் எங்கெல்லாம் நின்றது என்று பார்த்தோமே, கீழ்த்தட்டு தரையிலிருந்து ஒரு முழமாவது மேலே இருக்கட்டும். கடல் காற்றுக்கு வெறும் இரும்பு ஆகாது, ரெட் ஆக்சைடு அடித்து மேலே பெயின்ட். காசு இல்லையென்றால் சுவரோரம் கயிறு கட்டித் துணி க்ளிப்பில் மாட்டினாலும் சரி. கதவு, பூட்டு எதுவும் வேண்டாம். உச்சித் தட்டைச் சரிவாகவே விடுங்கள். சமமாக விட்டால் ஸ்டாக் ரிஜிஸ்டர் வந்து உட்கார்ந்துவிடும்.