மூன்று விசில் என்பது எத்தனை நிமிடம்?

“மூணு விசில் வந்ததும் அணைச்சிடுங்க” என்று சொல்லிவிட்டு மனைவி துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனார். எளிய வேலைதான். ஆனால் எங்கள் அடுக்ககத்தில் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே பக்கத்து வீட்டுச் சமையலறை ஜன்னல். இரண்டு விசில்வரை எனக்குச் சந்தேகமில்லை. மூன்றாவது எங்களுடையதா அவர்களுடையதா என்பதில்தான் குழப்பம். அணைத்துவிட்டேன். அன்றைய சாம்பாரில் துவரம்பருப்பு கரையாமல் சரளை போல அடியில் கிடந்தது. அடுத்த முறை எச்சரிக்கையாக ஒரு விசில் கூட்டினேன். கேரட் காணாமல் போனது.

அதற்குப் பிறகுதான் யோசித்தேன். இந்த விசில் நமக்கு என்ன சொல்கிறது?

பிரஷர் குக்கரின் முன்னோடி பிறந்தது லண்டனில், 1679-இல். டெனி பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் கெட்டியான பாத்திரத்தை இறுக மூடி, நீராவியை உள்ளேயே அடைத்து எலும்பை வேகவைத்தார். எலும்பைக்கூட மெத்தென்று ஆக்கிவிட்டதால் அதற்கு ‘ஜீரணிப்பான்’ என்று பெயர் வைத்தார். 1682-இல் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்தின் உறுப்பினர்களுக்கு அதில் சமைத்தே விருந்து போட்டார். விருந்துக்குப் போயிருந்த ஜான் ஈவ்லின் என்பவர் அதைத் தன் நாட்குறிப்பில் வியந்து எழுதி வைத்திருக்கிறார்.

பாத்திரம் வெடித்துவிடாமல் இருக்க, மூடியில் ஒரு துளையிட்டு அதன்மேல் எடை தொங்கும் நெம்புகோல் ஒன்றைப் பொருத்தினார் பாப்பின். உள்ளழுத்தம் எல்லை மீறினால் எடை தூக்கப்படும், ஆவி வெளியேறும். நம் வீட்டுக் குக்கர் வெயிட்டுக்கு அதுதான் கொள்ளுப்பாட்டி. பின்னாளில் நீராவி எஞ்சின் கொதிகலன்களையும் இதே ஏற்பாடுதான் காத்தது. சமையலறையிலிருந்து தொழிற்சாலைக்குப் போன கண்டுபிடிப்புகள் அதிகமில்லை. இது அவற்றில் ஒன்று.

திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். தீயை எவ்வளவு கூட்டினாலும் அதற்குமேல் சூடு ஏறாது. தண்ணீர்தான் சீக்கிரம் வற்றும். ஊட்டி போல 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. மலைமேல் பருப்பு வேக அடம்பிடிப்பது அதனால்தான். குக்கர் செய்வது இதற்கு நேர்மாறு. வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல், சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தத்தை உள்ளே கூட்டுகிறது. அப்போது தண்ணீர் 120 டிகிரியை ஒட்டித்தான் கொதிக்கும். ஆஸ்பத்திரியில் அறுவைக் கருவிகளைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் வேலை செய்வதும் 121 டிகிரியில்தான். 20 டிகிரிதானே என்று தோன்றும். ஆனால் ஒரு மணி நேரம் வேகவேண்டிய கொண்டைக்கடலை அந்த 20 டிகிரியால்தான் கால் மணி, இருபது நிமிடத்தில் குழைகிறது.

இந்த ஒரு கிலோ என்ற அளவைக் காப்பது கையளவுகூட இல்லாத அந்த வெயிட். மூடிக் குழலின் துளை 3 மில்லிமீட்டர் விட்டம் என்று வைத்துக்கொள்வோம். அதன் பரப்பு சதுர சென்டிமீட்டரில் நூற்றில் ஏழு பங்கு. ஆகவே அதை அடைத்து நிற்க சுமார் 70 கிராம் போதும். அழுத்தம் 70 கிராமைத் தூக்கும் அளவுக்கு வந்ததும் வெயிட் இம்மியளவு எழும்புகிறது. எழும்பியதும் ஆவி துளையைத் தாண்டி வெயிட்டின் அகலமான அடிப்பாகம் முழுவதிலும் முட்டுவதால், அது சட்டென்று மேலே துள்ளுகிறது. ‘உஷ்ஷ்ஷ்’. அழுத்தம் இறங்கியதும் மறுபடி உட்காருகிறது. மெல்லிய சீறலாகத் தொடராமல் விசில் விட்டுவிட்டு வருவதன் ரகசியம் இந்தத் துள்ளல். ஒரு கம்பியை மாட்டி வெயிட்டின் எடையைக் கூட்டும் புத்திசாலித்தனம் ஏன் ஆபத்து என்பதும் இதிலிருந்தே புரியும்.

ஆக, முதல் விசில் சொல்வது ஒன்றுதான்: “சூடு உச்சத்துக்கு வந்துவிட்டது.” இரண்டாவது விசில் சொல்வது: “இன்னும் தீயைக் குறைக்கவில்லையா?” மூன்றாவதும் அதையேதான் சொல்கிறது. முதல் விசிலுக்குப் பிறகு முழுத் தீயில் வைத்தாலும் சிம்மில் வைத்தாலும் உள்ளே சூடு கிட்டத்தட்ட அதேதான். கூடுதல் தீயெல்லாம் ஆவியாகி ஜன்னல் வழியே பக்கத்து வீட்டுக்குப் போகிறது.

விசில் கடிகாரமும் அல்ல. பெரிய பர்னரில், சின்னக் குக்கரில் கொஞ்சம் பருப்பு வைத்தால் ஒரு நிமிடத்துக்குள் அடுத்த விசில் வந்துவிடும். அதையே சிம்மில் வைத்தால் ஐந்து நிமிடமானாலும் வராது. கேஸ்கெட் தளர்ந்திருந்தால் ஓரமாக ஆவி கசிந்துகொண்டே இருக்கும்; விசிலே வராது, அடிபிடித்த வாசனைதான் வரும். இத்தனை பேதம் இருக்க, சமையல் குறிப்பு எழுதுகிறவர்கள் “நான்கு விசில் விடவும்” என்று முடித்துவிடுகிறார்கள். யாருடைய அடுப்பில், எந்தக் குக்கரில் என்று கேட்கத் தோன்றுகிறது. முதல் விசில் வந்ததும் சிம்மில் வைத்து நிமிடத்தை எண்ணுவதுதான் சரி. துவரம்பருப்புக்கு எங்கள் வீட்டில் ஏழு நிமிடம் சரியாக இருக்கிறது. உங்கள் வீட்டுக் கணக்கு இரண்டு நாளில் பிடிபட்டுவிடும்.

அடுப்பை அணைத்த பிறகும் சமையல் நின்றுவிடுவதில்லை. பிரஷர் தானாக அடங்கும் பத்து நிமிடமும் உள்ளே வெந்துகொண்டுதான் இருக்கிறது. அவசரத்தில் கரண்டிக் காம்பால் வெயிட்டைத் தூக்குகிறோமே, அப்போது அழுத்தம் திடீரென்று இறங்க, 120 டிகிரியில் இருந்த தண்ணீர் ஒரே நேரத்தில் பொங்குகிறது. அடுப்பு மேடையிலும் சுவரிலும் மஞ்சள் கோலம் விழுவது அதனால்தான்.

பருப்பு நுரைப்பது தனித் தலைவலி. நுரையோடு தோலும் துகளும் மேலே வந்து குழலில் அடைத்துக்கொள்ளும். அதனால்தான் பருப்பு வைக்கும்போது தண்ணீரோடு சேர்த்துப் பாதிக் குக்கருக்குமேல் நிரப்பக்கூடாது என்கிறார்கள். ஒரு சொட்டு எண்ணெய் விடுவதும் வெறும் பழக்கமல்ல, நுரை அடங்கும்.

குழல் அடைத்துக்கொண்டால் கடைசிக் காவலாக மூடியில் சேஃப்டி வால்வு இருக்கிறது. பல குக்கர்களில் அதன் நடுவே, வரம்பு மீறிச் சூடேறினால் உருகிவிடும் உலோகக் கலவை இருக்கும். அது உருகி ஆவிக்கு வழிவிடும், குக்கர் பிழைக்கும். உருகிப்போன வால்வுக்குப் பதில், கடையில் கேட்காமல் கொடுக்கும் ஏதோ ஒன்றைப் போட்டுக்கொள்ளாதீர்கள். உங்கள் குக்கர் கம்பெனியின் வால்வையே கேட்டு வாங்குங்கள்.

மூடியைப் போட்டதும் வெயிட்டையும் சேர்த்து மாட்டிவிடுவது எங்கள் வீட்டுப் பழக்கமாக இருந்தது. பழைய ஆட்கள் குழலில் ஆவி நேராகப் பீறிட்ட பிறகே மாட்டுவார்கள். உள்ளே இருக்கும் காற்று வெளியேறிவிடும் என்பது ஒன்று. குழல் அடைக்கவில்லை என்பது கண்ணுக்குத் தெரியும் என்பது இன்னொன்று. அதற்கும் பொறுமை இல்லாதவர்கள் மூடுவதற்கு முன் மூடியை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, குழலுக்குள் ஒரு கண்ணால் பாருங்கள். மறுபக்க வெளிச்சம் தெரியவேண்டும்.